முக்கால் மணி நேர ஊர்

பஸ்ஸில் ஏறினால் முக்கால் மணி.
கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு
யாரும் ரயிலில் போவதில்லை.
"ரயில்லதான் போவணும்" என்றாள் லூர்துமேரி.
"புஸ்தகத்துல அப்படித்தான் இருக்கு."

பதினோராம் பாடம்.
குளிர்காலத்தில் ஒரு நாள், பழைய நகரம்,
ரயிலில் இரண்டு பேர்.
பக்கத்தின் மூலையில் ஒரு கோபுரம்,
அதன் தலையில் பனி.

ஆகவே திருப்பாதிரிப்புலியூரில் ஏறினோம்.
கடலுக்கு முதுகைக் காட்டி விழுப்புரம்வரை போய்
அங்கே வண்டி மாறி
மறுபடி கடலுக்கே திரும்பினோம்,
தலையைச் சுற்றி மூக்கைத் தொட்ட மாதிரி.

மார்கழி இருபத்தொன்று.
நெல்லிக்குப்பத்தில் ஆலைப்பாகின் வாசம் பெட்டியில் ஏறி
டிக்கெட் இல்லாமல் பண்ருட்டிவரை வந்தது.
அவள் மடியில் அந்தக் கோட்டு.
சென்னையில் பழைய துணிக்கடையில் வாங்கியது,
சாம்பல் கம்பளி,
பொத்தான்களில் ஒன்று மட்டும் வேறு நிறம்.

ஜெர்மனியில் ஒரு முதியோர் மருத்துவமனை
கூப்பிடும் என்று
பதினான்கு மாதம், இரவு டியூட்டி முடித்துவந்து
கண்ணைக் கழுவிக்கொண்டு படித்தாள்.
பேச்சுத் தேர்வில் நாலு மார்க் குறைந்தது.
அடுத்த தடவை இரண்டு.
மூன்றாம் தடவைக்குக் கட்டவிருந்த பணம்
என் அப்பாவின் கால்விரல்களுக்குப் போனது.
அதைப்பற்றி நாங்கள் பேசுவதில்லை.

வில்லியனூரில் வண்டி நின்றபோது
மாதா இருக்கும் திசை பார்த்துச் சிலுவை போட்டாள்.
"எம்பேரே ஒரு பிரெஞ்சு ஊருதான், தெரியுமா?"
பதினாறு வருஷமாகக் கூப்பிடுகிறேன்,
தெரியாது.

மஞ்சள் சுவர், காகிதப்பூ,
சிவப்புத் தொப்பிப் போலீஸ்காரர்.
நீலப் பலகைகளில் வீதிப் பெயர்களை
எழுத்தெழுத்தாகப் படித்துவந்தவள்
நாலாவது வீதியில் நின்றுவிட்டாள்.
"இது வேற பாஷை."
"அதே பக்கம்தானே" என்றேன்.
அவள் பார்த்த பார்வையில்
ஒரு எல்லைச்சாவடி இருந்தது.

காபி இருநூற்றி இருபது ரூபாய்.
எங்கள் பிளாண்டில் அது ஒன்றரைப் பார் ஐஸ்.
ஒன்று சொல்லி இரண்டு கரண்டி கேட்டோம்.
நுரையை அவள் எடுத்துக்கொண்டாள்.

நண்பகலில், கோயிலை அடுத்த விளக்குக் கம்பத்தடியில்
கோட்டைப் போட்டாள்.
கல்லூரிப் பிள்ளைகள் இரண்டு பேர்
வாயைப் பொத்திக்கொண்டு போனார்கள்.
அவள் கழுத்துவரை பொத்தான் போட்டாள்,
அந்த வேறு நிறத்தையும் விடாமல்.
மேலுதட்டில் வியர்வை முத்து முத்தாக.
"இன்னொண்ணு எடு. வேர்வை தெரியாம."
ஏழு எடுத்தேன்.
ஏழிலும் வெயில்தான் முன்னால் வந்து நின்றது.

திரும்பும்போது பஸ்.
எனக்குப் பத்து மணிக்கு ஷிப்ட்.
வீட்டு நிறுத்தத்தில் அவள் இறங்கவில்லை.
கேட்கவும் இல்லை நான்.

துறைமுகத்தில் இரவுக்கென்று ஒரு வாடை உண்டு,
டீசல், கருவாடு, அமோனியா.
மோட்டார் சத்தத்தில் வாட்ச்மேன் என்னவோ கேட்டார்,
தலையாட்டி வைத்தேன்.
பார்கள் அடுக்கியிருக்கும் அறையின்
கனத்த கதவை இழுத்துத் திறந்தேன்.
பத்து வருஷமாக என் சட்டையில்
வீட்டுக்கு வருகிற குளிர்.
அவள் இங்கே வந்ததே இல்லை.

கோட்டோடு உள்ளே போனாள்.
ஆளுயரப் பாளங்களுக்கு நடுவே
செருப்பு வழுக்க, மெல்ல,
ஒரு வீதியில் நடப்பதுபோல் நடந்தாள்.
கோடியில் திரும்பி நின்று மூச்சு விட்டாள்.
புகை வந்தது.
இன்னொரு தடவை விட்டுப் பார்த்தாள்.
வந்தது.

போனை எடுத்தேன். வேண்டாம் என்று கையசைத்தாள்.

பிறகு சொன்னாள்,
தேர்வு மேசைக்கு முன்னால் உட்கார்ந்தவள்போல் நிமிர்ந்து:
"இஷ் வோனே இன் கடலூர்."
முதல் பாடம்.
வாக்கியத்தின் கடைசியில்
அவரவர் ஊரைப் போட்டுக்கொள்ள வேண்டும்.
ஒவ்வொரு சொல்லும் வெள்ளையாய் வெளியே வந்து
கொஞ்ச நேரம் நின்றது.

விடிகாலை நாலு மணிக்குப் படகுக்காரர்கள் வருவார்கள்,
தொண்ணூறு பார் உடைக்கவேண்டும்.
கதவைத் திறந்தே வைத்தால்
முதலாளி கரண்ட் கணக்குப் பார்ப்பார்.

பார்க்கட்டும்.